கரையோடு திரும்பிவிடாதீர்கள்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போய் ஏமாந்து வந்ததாகச் சொல்பவர்கள்மேல் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. பறவை குறைந்துவிட்டது, தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிகின்றன, கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்று அவர்கள் சொல்லும் குறைகள் எல்லாம் ஏரிக்கரையின்மேல் மட்டும் நின்று பார்த்ததால் எழுந்தவை. விடுமுறை நாளில் வெயில் ஏறியபின் வந்து, கரையில் நடந்து, பார்வைக் கோபுரத்தில் ஏறி இறங்கி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பியவர் பார்த்தது கூடுகளை. பறவைகளின் வாழ்க்கையில் பாதி அவர் கண்ணில் படவே இல்லை. இங்கே வருபவர் செய்யக்கூடிய பெரிய தவறு, ஏரிதான் சரணாலயம் என்று நினைப்பது. மற்ற தவறுகளைப் போகப்போகத் திருத்திக்கொள்ளலாம். இது ஒன்று மட்டும் வந்த பயணத்தையே வீணாக்கிவிடும்.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். ஆனால் 1998-இல் அரசு அறிவித்த சரணாலயம் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் விரிகிறது. வயல்கள், சின்ன ஏரிகள், வீடுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். காரணம் எளிது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும் கூடு கட்டத் தோதான இடமாகின்றன. கீழே நீர் நிற்பதால் தரையில் திரியும் எதிரிகள் எளிதில் மரத்தை நெருங்குவதில்லை. ஆனால் இத்தனை ஆயிரம் குஞ்சுகளுக்கு இரை போட அந்தச் சின்ன ஏரியால் முடியாது. நத்தைகுத்தி நாரையைப் பாருங்கள். அதன் உணவில் பெரும்பங்கு நத்தை. அது கிடைப்பது சுற்றுவட்டார வயல்களிலும் ஆழம் குறைந்த ஏரிகளிலும். கூழைக்கடாவும் மீனைத் தேடி வேறு ஏரிகளுக்குப் பறந்து போகிறது. ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரியும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் நன்றாக விளையும் என்று அறிந்துதான் பறவைகளைக் காத்தார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். ஏரிக்கும் வயலுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலில் உருவான இடம் இது.

ஆகவே பார்க்கும் முறையும் மாற வேண்டும். இருநோக்கி, மங்கிய நிற உடை, தண்ணீர், தொப்பி: இவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள்; அதற்கு முன் அந்த ஆண்டு மழை எப்படி என்று விசாரியுங்கள். முக்கியமானது நேரத்தைப் பிரித்துக்கொள்வது. விடியற்காலையில் கரையில் நின்று, பறவைகள் எந்தத் திசையில் கிளம்புகின்றன என்று மட்டும் கவனியுங்கள். பிறகு அதே திசையில் சாலை வழியே போய், நாற்று நட்ட வயல்களையும் வற்றிவரும் ஏரிகளையும் பாருங்கள். கரையிலிருந்து வெறும் வெள்ளையும் கருப்புமாகத் தெரிந்த நத்தைகுத்தி அங்கே உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும். மூடிய அலகின் நடுவில் தெரியும் இடைவெளியைப் பார்க்கலாம். இடைவெளி இல்லாவிட்டால் அது இளம் பறவை. வளர வளரத்தான் அது உண்டாகிறது. நத்தையின் ஓட்டை நொறுக்காமல், கீழலகின் நுனியை உள்ளே செலுத்திச் சதையை வெட்டி எடுப்பதையும் பொறுமை இருந்தால் காணலாம். மாலை நான்கு மணிக்குமேல் மறுபடி கரைக்கு வாருங்கள். கூட்டம் கூட்டமாகத் திரும்பும் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நேரம் இல்லாதவர் காலையை விட்டுவிட்டு மாலைக்கு மட்டும் வரட்டும். நடுப்பகலுக்கு வருவதைவிட அது எவ்வளவோ மேல். அடுத்தவர் நிலத்தில் எப்படி இறங்குவது என்பது இன்னொரு மறுப்பு. இறங்கவே கூடாது. வரப்பில் நடந்தால் உழவருக்கும் தொல்லை, பறவையும் பறந்துவிடும். சாலையோரம் அசையாமல் நிற்பதே போதும். படம் எடுப்பவர்கள் என் யோசனையை ஏற்க மாட்டார்கள். கூடும் குஞ்சும்தான் நல்ல படம் என்பார்கள். கூட்டருகே நெருங்கி நல்ல படம் எடுத்தவரைவிட, வயலில் ஒரே ஒரு நாரையை அரை மணி நேரம் பார்த்தவர் அதிகம் தெரிந்துகொள்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பவர்களோடு வாதாடவும் எனக்கு விருப்பமில்லை. இனப்பெருக்கக் காலத்தில் அது பறவைக்குச் செய்யும் தீங்கு.

இதெல்லாம் வெறும் ரசனை சார்ந்த விஷயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2020-இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 ஆகச் சுருக்கும் யோசனை எழுந்தபோது, ஏரியைத் தொடவே இல்லையே, இதில் என்ன நஷ்டம் என்று பலர் கேட்டார்கள். கரையோடு திரும்பியவர்களுக்கு அந்தக் கேள்வி இயல்பானதே. பறவைகள் இரை தேடும் வயலை அவர்கள் பார்த்ததில்லை. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பெருமையும் சுற்றியுள்ள நீர்நிலைகள் இருக்கும்வரைதான். மழை பொய்த்த ஆண்டில் என்ன செய்வது என்றால், அப்போதும் வரலாம். ஏரி காய்ந்து மரங்கள் காலியாக நின்றாலும், மதுராந்தகம் சுற்றுவட்டாரத்தில் எங்கே தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று டீக்கடையில் விசாரித்துப் போங்கள். வற்றும் நீரில் மீன் நெருக்கமாகிவிடும் என்பதால், அந்த ஓரிரு இடங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் ஒன்றாகக் கூடும்.