எந்த டி.வி. வாங்கலாம்?

சந்தையில் ஒரு டி.வி.

ஐதராபாத் நகரில் எர்ரகட்டா என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தை கூடும். பழைய பொருள்கள் மலிவாகக் கிடைக்கும். பழைய மின்விசிறி, பழைய மிக்சி, பழைய டி.வி. எல்லாம் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் அந்தச் சந்தைக்கு வந்தது. செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். மனைவியின் அண்ணனும் கூட வந்திருந்தார். அண்ணன் கோட்டி பகுதியில் டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

அவர்கள் வீட்டில் இருந்த பழைய குண்டு டி.வி. கெட்டுப் போய்விட்டது. இரண்டு மாதமாக வீட்டில் டி.வி. இல்லை. மகனுக்குக் கிரிக்கெட் பார்க்க வேண்டும். பாட்டிக்குத் தொடர் பார்க்க வேண்டும். கணவரிடம் 4,000 ரூபாய் இருந்தது.

சந்தையில் ஒரு பெரிய டி.வி. இருந்தது. 42 அங்குலம். விலை 4,000 ரூபாய். கடைக்காரர் போட்டுக் காட்டினார். படம் அருமையாக இருந்தது. கறுப்பு நிறம் நல்ல கறுப்பாகத் தெரிந்தது. பந்து ஓடுவது தெளிவாகத் தெரிந்தது.

"இதையே வாங்கிடலாம்ப்பா" என்றான் மகன்.

கணவர் பணத்தை எடுக்கப் போனார். மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கொஞ்சம் இருங்க. மேல் மூலையில ஏதோ எண் தெரியுதே. சேனல் மாத்தினாலும் அது போகலையே!"

எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். ஆமாம். திரையின் மூலையில் 5 என்ற எண் மங்கலாகத் தெரிந்தது. சேனல் மாறியது. படம் மாறியது. அந்த 5 மட்டும் மாறவில்லை.

அண்ணன் சிரித்தார். "சரியாப் பார்த்தே. இது பிளாஸ்மா டி.வி. ஒரே எண் ரொம்ப நாள் ஒரே இடத்துல நின்னா, அதோட தழும்பு திரையில விழுந்திடும்."

மனைவி டி.வி.யின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எல்லாம் ஆங்கிலம். ஆனால் எண்கள் தெரிந்தன. மாலை வகுப்பில் அவர் எழுத்தும் எண்ணும் படித்திருக்கிறார். எழுத்து ஊருக்கு ஊர் மாறும். எண் மாறுவதில்லை.

"அண்ணா, 300னு போட்டிருக்கே. பக்கத்துல ஓர் எழுத்தும் இருக்கு. அது என்ன?"

"அது டபிள்யூ. வாட்னு அர்த்தம். எவ்வளவு கரண்டு எடுக்கும்னு சொல்லுது. வாங்க, கடைக்குப் போய்ப் பேசலாம். டி.வி. எங்கேயும் ஓடிடாது."

அண்ணன் கடையில்

அண்ணன் கடையில் பலவகை டி.வி.கள் இருந்தன. மூலையில் மிகப் பழைய டி.வி. ஒன்று இருந்தது. அது கறுப்பு வெள்ளை.

"மாமா, இது எந்த ஊர் டி.வி.?" என்று கேட்டான் மகன்.

"நம்ம ஐதராபாத் டி.வி.தான்டா" என்றார் மாமா.

ஐதராபாத்தில் ஈ.சி.ஐ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அது 1967-இல் தொடங்கியது. அங்கே செய்த டி.வி.க்கு ஈ.சி. டி.வி. என்று பெயர். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நம் நாட்டில் ஒரு சோதனை நடந்தது. செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சிகள் போயின. விவசாயம், உடல்நலம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் அவை. 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் பார்த்தன. அதற்கான டி.வி.களை ஈ.சி.ஐ.எல். நிறுவனம்தான் செய்து கொடுத்தது. ஊருக்கு ஒரு டி.வி. ஊரே சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது.

அந்த டி.வி.யின் உள்ளே பெரிய கண்ணாடிக் குழாய் இருந்தது. அதனால்தான் டி.வி. குண்டாக இருந்தது. பிறகு சுவரில் மாட்டும் தட்டை டி.வி. வந்தது. அதில் இரண்டு வகை. ஒன்று பிளாஸ்மா. மற்றொன்று எல்.சி.டி.

பிளாஸ்மா என்றால் என்ன?

வீட்டில் உள்ள டியூப் லைட்டை நினைத்துப் பாருங்கள். குழாயின் உள்ளே வாயு இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒளி உண்டாகிறது. அது குழாயின் உள்பக்கப் பூச்சில் படுகிறது. பூச்சு வெள்ளையாக ஒளிர்கிறது.

பிளாஸ்மா டி.வி.யும் அப்படித்தான். இரண்டு கண்ணாடித் தகடுகள் இருக்கும். நடுவில் லட்சக்கணக்கான சின்னஞ்சிறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் நியான், செனான் என்ற வாயுக்கள் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அறையின் பூச்சு ஒளிரும். சில அறைகள் சிவப்பு. சில பச்சை. சில நீலம். மூன்றும் சேர்ந்தால் எல்லா நிறமும் கிடைக்கும்.

1964-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். எதற்குத் தெரியுமா? சினிமா பார்ப்பதற்கு அல்ல. மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் கணினிக்காகக் கண்டுபிடித்தார்கள்.

பிளாஸ்மாவில் படம் நன்றாக இருக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் கரண்டு அதிகம் எடுக்கும். சூடு அதிகம். எடை அதிகம். தழும்பும் விழும்.

எல்.சி.டி. என்றால் என்ன?

எல்.சி.டி. திரை தானாக ஒளிராது. அதன் பின்னால் ஒரு விளக்கு எரியும். முன்னால் திரவப் படிகம் என்ற பொருள் இருக்கும். அது ஜன்னல் கதவு போல வேலை செய்யும். ஒளியை விடும். அல்லது மறைக்கும். அப்படித்தான் படம் தெரிகிறது.

திரவப் படிகத்தின் தன்மையை 1888-இல் கண்டறிந்தவர் ரைனிட்சர். அவர் செடிகொடிகளை ஆராய்ந்த அறிஞர்.

முதலில் வந்த எல்.சி.டி. டி.வி.களில் பின்விளக்காக மெல்லிய டியூப் இருந்தது. இப்போது பின்விளக்காகச் சிறு எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன.

"அப்போ கடையில எல்.இ.டி. டி.வி.னு சொல்றாங்களே, அது வேறயா மச்சான்?" என்று கேட்டார் கணவர்.

"இல்ல மாப்பிள்ளை. அதுவும் எல்.சி.டி.தான். பின்னால எரியற விளக்குதான் எல்.இ.டி. ஓ.எல்.இ.டி.னு ஒண்ணு இருக்கு. அதுதான் வேற. அதுல ஒவ்வொரு புள்ளியும் தானா ஒளிரும். விலை ரொம்ப அதிகம்."

எல்.சி.டி.யிலும் குறை உண்டு. சில டி.வி.களில் கறுப்பு நிறம் சாம்பல் போலத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். திரை மென்மையானது. பந்து பட்டால் உடையும். திரை உடைந்தால் மாற்றச் செலவு அதிகம். சில நேரம் புது டி.வி. விலையே ஆகிவிடும்.

"குறை ரெண்டுலயும் இருக்கு. ஆனா ஒண்ணு கவனிங்க. 2014-ஓட பெரிய கம்பெனிகள் எல்லாம் பிளாஸ்மா செய்யறதை நிறுத்திட்டாங்க. பானசோனிக், சாம்சங், எல்.ஜி. மூணுமே நிறுத்திட்டாங்க. சந்தையில இருக்கிறது எல்லாம் பழசு. உள்ளே ஏதாவது போனா உதிரிப் பொருள் கிடைக்கிறது கஷ்டம். நானே கைவிரிச்சிடுவேன்" என்றார் அண்ணன்.

கணவர் யோசித்தார். "4,000 ரூபாய்தானே மச்சான். ரெண்டு வருஷம் ஓடினாப் போதுமே. புதுசு வாங்கினா 10,000 ரூபாய்க்கு மேல ஆகுமே" என்றார்.

மனைவி ஒரு தாளும் பென்சிலும் கேட்டார்.

மனைவி போட்ட கணக்கு

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட் மின்சாரம் செலவாகும். இதை அண்ணன் சொன்னார். "300 வாட்ங்கிறது அதிகபட்சம். பிளாஸ்மாவுல வெளிச்சமான படம் ஓடினா அதிகம் இழுக்கும். இருட்டான படம் ஓடினா குறையும். 200 வாட்னு வெச்சுக்க" என்றும் சொன்னார்.

வீட்டில் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் டி.வி. ஓடும். மனைவி எழுதினார்.

பழைய பிளாஸ்மா, 42 அங்குலம்:
200 வாட் × 5 மணி = 1,000. அதாவது ஒரு நாளைக்கு 1 யூனிட்.
30 நாளைக்கு 30 யூனிட்.

புதிய எல்.சி.டி., எல்.இ.டி. விளக்கு உள்ளது, 32 அங்குலம்:
50 வாட் × 5 மணி = 250. அதாவது ஒரு நாளைக்குக் கால் யூனிட்.
30 நாளைக்கு ஏழரை யூனிட்.

பிறகு மனைவி தன் பையிலிருந்து கரண்டு பில்லை எடுத்தார். போன மாதம் 180 யூனிட். கட்ட வேண்டிய தொகை பூஜ்யம்.

தெலங்கானாவில் கிருக ஜோதி என்ற திட்டம் இருக்கிறது. 2024 மார்ச் மாதம் முதல் நடக்கிறது. வெள்ளை ரேஷன் அட்டை உள்ள குடும்பங்கள் விண்ணப்பித்து இதில் சேரலாம். மாதம் 200 யூனிட் வரை கரண்டுக்குப் பணம் இல்லை. ஆனால் 200 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் பணம் அல்ல. அந்த மாதத்து முழு பில்லையும் கட்ட வேண்டும்.

மனைவி கூட்டினார்.

180 + 30 = 210. பிளாஸ்மா வாங்கினால் 200-ஐத் தாண்டும்.
180 + ஏழரை = 187 அரை. எல்.சி.டி. வாங்கினால் தாண்டாது.

தாளைக் கணவரிடம் நீட்டினார்.

"டி.வி. 4,000 ரூபாய்தாங்க. ஆனா மாசாமாசம் முழு பில்லும் நம்ம தலையில விழும். வெயில் காலத்துல கூலர் வேற ஓடும். சந்தைக்காரர் நம்மகிட்ட ஒரு தடவைதான் பணம் வாங்குவார். மீட்டர் மாசம் தவறாம வாங்கும்."

கணவர் தாளை இரண்டு முறை பார்த்தார். பணத்தைச் சட்டைப் பையில் திரும்ப வைத்தார்.

மகன் முகம் வாடியது. "இன்னும் எத்தனை நாள்ம்மா?" என்றான்.

"ரெண்டு மாசம்டா. சீட்டுப் பணம் வந்திடும். அதுவரைக்கும் மாமா வீட்டுல கிரிக்கெட் பாரு" என்றார் அம்மா.

புதிய டி.வி. வந்தது

இரண்டு மாதம் கழித்துச் சீட்டுப் பணம் வந்தது. 10,500 ரூபாய்க்கு 32 அங்குல டி.வி. வாங்கினார்கள். அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள அளவு. அவர்கள் வீட்டு அறை சிறியது. ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்கு 32 அங்குலம் போதும்.

கடையில் மனைவி நேராக நின்று பார்த்தார். பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தும் பார்த்தார். கடைப் பையன் சிரித்தான்.

"எங்க வீட்டுல தரையில உட்கார்ந்துதான் தம்பி பார்ப்போம்" என்றார் மனைவி. ஒரு டி.வி.யில் கீழிருந்து பார்த்தால் படம் வெளுத்தது. அதை வேண்டாம் என்றார். அடுத்ததில் நன்றாகத் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் கரண்டு பில் வந்தது. மனைவி வாசலில் நின்றே படித்தார். யூனிட் 187. கட்ட வேண்டிய தொகை பூஜ்யம்.

உள்ளே போனார். டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. மகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டி.வி. வாங்கும் முன்

1. பின்பக்கம் எழுதிய வாட் எண்ணைப் படியுங்கள்.
2. நட்சத்திரக் குறி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திரம் கூடினால் கரண்டு குறையும். ஒரே அளவு டி.வி.களை ஒப்பிட்டுப் பாருங்கள்.
3. நேராக, பக்கத்தில், தரையில் இருந்து பாருங்கள்.
4. பில்லும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று படியுங்கள்.
5. பழைய டி.வி.யை உடைக்காதீர்கள். எரிக்காதீர்கள். குண்டு டி.வி.யின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய எல்.சி.டி.யின் டியூப் விளக்கில் பாதரசம் இருக்கிறது. இரண்டும் நஞ்சு. மின்கழிவு வாங்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.
6. எல்.சி.டி. திரையை அழுத்தித் துடைக்காதீர்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள்.

படியுங்கள், எழுதுங்கள்

வாட். யூனிட். வாயு. திரை. படிகம். மீட்டர். நட்சத்திரம். உத்தரவாதம்.

பதில் சொல்லுங்கள்

1. பிளாஸ்மா திரையில் 5 என்ற எண் ஏன் மாறாமல் தெரிந்தது?
2. எல்.இ.டி. டி.வி.யும் எல்.சி.டி. டி.வி.யும் வேறு வேறா?
3. கணவர் ஏன் பணத்தைத் திரும்ப வைத்தார்?

கணக்குப் போடுங்கள்

உங்கள் வீட்டு டி.வி.யின் பின்பக்கம் பாருங்கள். எத்தனை வாட்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? இரண்டையும் பெருக்குங்கள். 1,000-ஆல் வகுங்கள். 30-ஆல் பெருக்குங்கள். உங்கள் டி.வி.க்கு ஒரு மாதத்தில் எத்தனை யூனிட்? வகுப்பில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.