பொன்முடிப் பாதையில் கார் நின்றால்: இழுவைக் கூலி பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாறு தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறார்கள். மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து விடுமுறைக்குக் குடும்பத்தோடு வரும் நம் ஆட்களும் ஏராளம். இந்தப் பாதையில் கார் படுத்துவிட்டால், கூலியைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவை பலவும் கையைக் கடித்துவிடும்.

"கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் போதும்."

போதாது. ரெக்கவரி வண்டி உங்களிடம் வந்து சேர்வதற்கே டீசல் எரிகிறது. நகரத்திலிருந்து பொன்முடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காலியாக வந்து காரோடு திரும்பினால் 120. குறைந்தபட்சக் கட்டணம், இரவு நேரம், மலைப்பாதை, ஓடையில் இறங்கிய காரை வின்ச் போட்டு இழுக்கும் வேலை எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். காத்திருப்புக்கும் சிலர் காசு கேட்பார்கள். மொத்தம் எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்று கேட்டு, அதை வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"கயிறு கட்டி இழுத்தால் செலவே இல்லை."

மிக ஆபத்தான நம்பிக்கை இதுதான். எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துபோகும். அதன்பின் பெடல் கல்லாக இறுகும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். சமதளத்தில் ஒர்க்‌ஷாப் வரை நகர்த்துவது வேறு. கல்லாற்றை நோக்கி இறங்கும் வளைவில், முன்னே போகும் வண்டியின் மேலேயே போய் முட்டுவது வேறு. இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது சாலை விதி. அந்த 5 மீட்டரில், சரிவில், பிரேக் இல்லாத காரை யார் நிறுத்துவது?

"எப்படித் தூக்கினால் என்ன, கார் போய்ச் சேர்ந்தால் சரி."

இங்கேதான் பெரிய செலவு ஒளிந்திருக்கிறது. மாருதி ஸ்விஃப்ட் போன்ற கார்களுக்கு முன்சக்கரங்களில் இழுவிசை. முன்பக்கத்தைத் தூக்கிப் பின்சக்கரங்களில் உருட்டலாம். இன்னோவா கிரிஸ்டா, பொலேரோவுக்குப் பின்சக்கரங்களில் இழுவிசை. அவற்றை அப்படியே உருட்டுவது சரியல்ல. ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சின் நின்றிருக்கும்போது கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுழலாது. இழுவிசைச் சக்கரங்கள் தரையில் உருண்டால் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும். நாலு சக்கர இழுவிசை வண்டிக்கும் மின்சாரக் காருக்கும் பிளாட்பெட்தான் சரி. நாலு சக்கரமும் தரையைவிட்டு மேலே ஏற வேண்டும். பிளாட்பெட்டுக்குக் கூலி கூடுதல்தான். கியர்பாக்ஸ் பழுதுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

காரில் இழுவைக் கொக்கி எங்கே என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் ஜாக்கியோடு டூல் பையில் கிடக்கும். பம்பரில் உள்ள சிறு மூடியைக் கழற்றி, உள்ளே திருகி இறுக்க வேண்டும். இது தெரியாமல் பம்பரிலேயே கயிற்றைக் கட்டிப் பிய்த்தெடுப்பவர்கள் உண்டு.

"வெளிநாட்டில் செய்வதுபோல டோலி வாடகைக்கு எடுத்து நாமே இழுத்துப் போகலாம்."

அமெரிக்காவில் யு-ஹால் போன்ற நிறுவனங்கள், காரின் முன்சக்கரங்களை ஏற்றி இழுக்கும் இரு சக்கர டோலியை நாள் வாடகைக்குத் தருகின்றன. அங்கே இழுப்பது பெரிய பிக்கப் வண்டி. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். நம் சின்னக் கார்கள் ஒரு டன் எடையை மலையில் இழுப்பதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. கார் ஏற்றிய டோலியோடு ரிவர்ஸ் எடுப்பதும் நடக்காத காரியம். கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்தால் என்ன செய்வீர்கள்?

"இன்ஷூரன்ஸ் இருக்கிறது, எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் ஒரு பைசா வராது. முழுப் பாலிசியின் வழக்கமான நிபந்தனைப்படி, விபத்துக்குள்ளான தனியார் காரை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய் வரை. கிளட்ச் எரிந்தது, பேட்டரி செத்தது போன்ற பழுதுக்கு அதுவும் இல்லை. அதற்குச் சாலையோர உதவி என்ற கூடுதல் பிரிவை வாங்கியிருக்க வேண்டும். அதிலும் கிலோமீட்டர் வரம்பு இருக்கும். 1033 என்ற உதவி எண்ணும் தேசிய நெடுஞ்சாலைகளுக்கானது. பொன்முடிச் சாலை தேசிய நெடுஞ்சாலை அல்ல.

மழைக்காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பாதையில் மண் சரிந்தால் ரெக்கவரி வண்டியும் மேலே வர முடியாது. 2022 மழையில் இந்தச் சாலையே மூடப்பட்டது.

ஆகவே, கல்லாறு வருவதற்கு முன்பே பாலிசியைத் திறந்து உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மலையில் எல்லா வளைவிலும் சிக்னல் கிடைக்காது. வண்டி நின்றுவிட்டால், ஃபோனில் காரின் மாடலையும் ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பதையும் முதலில் சொல்லி, எந்த முறையில் தூக்குவீர்கள் என்று கேளுங்கள். விலையை அதற்குப் பிறகு பேசுங்கள்.