முக்காலிக்கு அடியில் கொட்டிய மாவு

என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாள் சிறிய காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தாள். பிரித்துப் பார்த்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில் மாவு. விரலில் தேய்த்தால் முகப்பவுடரைப் போல வழுவழுவென்று இருந்தது. “டீச்சர், வீட்டில் புதிதாக வாங்கிய முக்காலிக்கு அடியில் தினமும் இது கொட்டிக் கிடக்கிறது. அம்மா கூட்டித் தள்ளுகிறார், மறுநாளும் இருக்கிறது” என்றாள். இணையத்தில் வாங்கிய அழகான முக்காலி. ‘இயற்கை மரம், சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அட்டை தொங்கியதாம். ஏமாந்துவிட்டோம் என்று அப்பா வருந்துகிறாராம்.

அந்த மாவு என்ன, அந்த அட்டை சொன்னது பொய்யா என்பவை அவளுடைய இரண்டு கேள்விகள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாற்காலியோ அலமாரியோ காய்வெட்டும் பலகையோ இருக்கக்கூடும். ஆகவே பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

அந்த முக்காலி ரப்பர் மரத்தால் ஆனது. ஆம், நம் பாட்டிமார் விடியுமுன் எழுந்து நிரை பிடித்துப் பால் வெட்டிய அதே மரம்தான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவிற்கு அனுப்பினார். அங்கு முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதன் பிறகான கதை நம் குடும்பங்களின் கதையும்கூட. அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

ரப்பர் மரத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள்தான் பால் தரும் வாழ்வு. பிறகு வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் என்ன ஆனது என்று தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். “விறகுதான், வேறென்ன?” என்பார்கள். ரப்பர் தாள்களை உலர்த்தும் புகைவீட்டில் எரிந்தது. செங்கல் சூளையில் எரிந்தது. லயத்து அடுப்பிலும் எரிந்தது. பிறை நகரில் 1967இல் உலை மூட்டிய மலாயாவாத்தா உருக்காலை, இரும்புத் தாதை உருக்க ரப்பர் மரக்கரியையே பயன்படுத்தியது. ரப்பர் மரம் எரிக்க மட்டுமே உதவும், நாற்காலி செய்ய உதவாது என்பதே அன்றைய பொதுக்கருத்து.

அதற்குக் காரணம் மரம் பலமற்றது என்பதா? இல்லை. காய்ந்த ரப்பர் மரம் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ எடை கொண்டது. தளவாடங்களுக்கு இது போதும். பால் எடுத்து எடுத்துச் சக்கையாகிவிட்ட மரம் என்று சிலர் நினைப்பதும் தவறு. பால் மரத்தில் ஓடுவதில்லை, பட்டையில் ஓடுகிறது. பட்டைக்கும் மரத்திற்கும் இடையில் ‘வளர்படை’ என்னும் மெல்லிய உயிரடுக்கு உண்டு. அதுதான் உட்பக்கம் மரத்தையும் வெளிப்பக்கம் பட்டையையும் உருவாக்குகிறது. நல்ல பால்வெட்டுத் தொழிலாளியின் கத்தி அந்த அடுக்கைத் தொடாமல் அதற்கு மிக அருகில் வரை போகும். தொட்டுவிட்டால் காயம், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அதன் கீழுள்ள மரமும் கோணலாகும். ஆகவே அடிமரத்திலிருந்து அறுத்த பலகை நேராக வழவழப்பாக இருந்தால், ஒரு தொழிலாளியின் கைநிதானமும் அதில் இருக்கிறது என்று பொருள். எந்த அட்டையிலும் இதை எழுதுவதில்லை.

உண்மையான சிக்கல் மாவுச்சத்து. உயிர்மரம் தன் உணவை மாவுச்சத்தாக மரத்தின் உயிரணுக்களில் சேமிக்கிறது. செங்கால் போன்ற காட்டுமரங்களில் நடுப்பகுதி முதிரும்போது அந்தச் சேமிப்பு நீங்கி, பூச்சிக்கும் பூஞ்சணத்திற்கும் ஒவ்வாத கசப்பான வேதிப்பொருள்கள் அங்கே படிகின்றன. அதுதான் வைரம். ரப்பர் மரத்தில் அப்படித் தனியாகத் தெரியும் வைரம் கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெளிர்நிறம்; எங்கும் மாவும் சர்க்கரையும். வெட்டிய ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் புகுந்து பலகையை நீலச்சாம்பல் நிறமாக்கிவிடும். அதற்கும் தப்பினால் உளுவண்டு காத்திருக்கும்.

‘உளுத்த மரம்’ என்று தமிழில் சொல்கிறோம் அல்லவா? மலாய்க்கார அண்டைவீட்டார் ‘பூபுக்’ என்பார்கள். இந்த வண்டினத்தில் ஒன்றான லிக்டஸ் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அவ்வளவு சுவையான உயிரி அது. மரத்தில் நீரைக் கடத்திய நுண்குழாய்கள், பலகையின் வெட்டுமுனையில் சிறு துளைகளாகத் திறந்திருக்கும். பெண் வண்டு முதலில் மரத்தைக் கடித்துச் சுவை பார்க்கும். மாவுச்சத்து போதுமான அளவு இருந்தால்தான் அந்தத் துளைக்குள் முட்டையிடும். பிறக்கும் புழுவால் மரத்தின் செல்லுலோசைச் செரிக்க முடியாது. மாவும் சர்க்கரையும்தான் அதன் உணவு. வயிற்றை நிரப்ப மரத்தைக் குடைந்துகொண்டே போகிறது, செரிக்காததைத் தூளாக வெளியேற்றுகிறது. அரிசி உமியோடு கலந்து கிடந்தால் கோழி கிளறிப் பொறுக்குமே, கிட்டத்தட்ட அதே வேலை. வளர்ந்த வண்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் துளையிட்டு வெளியே வரும்போதுதான் நமக்கு விஷயமே தெரியவரும். மாணவி கொண்டுவந்த மாவு அந்தத் தூள்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்த பிறகுதான் ரப்பர் மரம் வரவேற்பறைக்குள் நுழைந்தது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம் இதில் பெரும்பங்கு ஆற்றியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகள் ரப்பர் மரத்தைப் பெருமளவில் அறுக்கத் தொடங்கின. வழிமுறை இதுதான்: வெட்டிய மரத்தைக் காலந்தாழ்த்தாமல் பலகையாக அறுத்து, பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். நுண்குழாய்கள் வெறுமையாகும். பிறகு போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். அது மரத்தின் உள்வரை பாயும். அதன் பின் பலகையின் தடிமனுக்கு ஏற்பச் சூளையறையில் பல நாள் உலர்த்தினால் பலகை தயார். மரம் குட்டையும் கோணலுமாக இருப்பதால் நீளமான பலகை கிடைப்பது அரிது. எனவே துண்டுகளின் முனைகளை, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் வெட்டி ஒட்டுகிறார்கள். உங்கள் மேசைப் பரப்பில் குறுக்கே பல்பல்லாகக் கோடு தெரிந்தால் அதுதான் இது. குறையென்று எண்ண வேண்டாம்.

நம் ஜோகூரின் மூவார் வட்டாரம் இன்று தளவாட ஏற்றுமதிக்குப் பெயர்பெற்றிருக்கிறது. அதன் அடித்தளம், ஒருகாலத்தில் அடுப்பெரித்த இந்த மரம்தான்.

இனி இரண்டாவது கேள்வி. அட்டை சொன்னது பொய்யா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோ நாற்காலி ஒன்றில் ஈரம் போக மரம் ஏறத்தாழ 4.5 கிலோ. உலர்ந்த மரத்தில் பாதி கரிமம், அதாவது 2.25 கிலோ. ஒவ்வொரு 12 கிராம் கரிமமும் எரிந்தால் 44 கிராம் கரிவளி ஆகிறது. 2.25ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 8.25 கிலோ. விறகாக எரிந்திருந்தால் அவ்வளவு கரிவளி உடனே காற்றில் கலந்திருக்கும். நாற்காலியாக இருக்கும்வரை அது மரத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் மூன்றரை லிட்டர் பெட்ரோல் எரித்தாலே கிட்டத்தட்ட இவ்வளவு கரிவளி வெளியாகும். பண்டார் தெங்காராவிலிருந்து ஜோகூர் பாரு போய்வரக் காருக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகிறது என்று நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த நாற்காலி நான்கே ஆண்டில் உளுத்துக் குப்பைக்குப் போனால் இந்தச் சிறு இலாபமும் கரைந்துவிடும். மரம் வளர எடுத்த 25 ஆண்டாவது நாற்காலி உழைக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பால் தந்து முடித்த தோட்டத்து மரம் என்றால் அது உண்மையிலேயே மிச்சப்பொருள். ஆனால் நாட்டில் சில இடங்களில் காப்புக் காட்டின் இயற்கை மரங்களை அகற்றிவிட்டு, மரத்துக்காகவும் பாலுக்காகவும் ரப்பர் நட்டிருக்கிறார்கள். அங்கிருந்து வரும் பலகையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ‘இயற்கை மரம்’ என்ற இரண்டு சொல் இந்த வேறுபாட்டைச் சொல்லாது.

பசையையும் மறந்துவிடக் கூடாது. ரப்பர் மரத்தைக் கூழ்போல் நாராக்கி அழுத்திச் செய்த பலகைகளும் சந்தையில் உண்டு. அவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மெல்ல வெளியேறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. இப்பலகையில் ‘ஈ1’ அல்லது அதைவிடக் கடுமையான ‘ஈ0’ குறியீடு இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிந்தால் சன்னல்களைத் திறந்துவையுங்கள்.

‘இயற்கை’ என்ற சொல்லை நம்பி உடுத்தும் துணியிலும் இதே கதை. மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, மூங்கிலை வேதிப்பொருள்களில் கரைத்து, அந்தக் கரைசலிலிருந்து மீண்டும் நூலாக இழுத்த ரேயான். அதைச் செய்யப் பயன்படும் கரிம இருசல்ஃபைடு, தொழிலாளியின் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. ரேயானை மூங்கில் என்று கூறி விற்றதற்காக அமெரிக்காவில் 4 நிறுவனங்கள் 2013இல் மொத்தம் 12 இலட்சத்து 60 ஆயிரம் டாலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டன. துணி மோசமில்லை. பெயர்தான் பொய்.

“எங்கு திரும்பினாலும் செம்பனைதானே டீச்சர், அதில் நாற்காலி செய்ய முடியாதா?” என்று இதே வகுப்பில் ஒருவன் கேட்டான். பண்டார் தெங்காராப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான். செம்பனை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு நான் முன்பு சொன்ன வளர்படை கிடையாது. ஆகவே ரப்பரைப் போல உண்மையான மரமும் கிடையாது. ஈரமான பஞ்சுக்குள் உறிஞ்சுகுழல்களைச் செருகி வைத்ததுபோல அதன் தண்டு இருக்கும். நடுப்பகுதியில் உலர்ந்த பொருளைப் போலப் பல மடங்கு எடை தண்ணீர். உலர்த்தினால் சுருங்கி மடங்கிவிடும். வெளிப்பகுதியைச் சீவி ஒட்டுப்பலகை செய்கிறார்கள். ஆனால் அதன் ஓலை ஈர்க்கு அருமையான பொருள். விளக்குமாறு மட்டுமா, பின்னினால் தட்டும் பழக்கூடையும் விளக்குமறைப்பும் ஆகும். எனினும் தோட்டத்து ஓலைகளையெல்லாம் அள்ளி வர ஆசைப்படக் கூடாது. நிரைகளுக்கிடையே குவித்த ஓலை மட்கித்தான் பொட்டாசியமும் பிற சத்துகளும் மண்ணுக்குத் திரும்புகின்றன. நம் கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவது அந்த மண்ணுக்குச் சாப்பாடு.

சரி, முக்காலிக்கு வருவோம். போரான் ஏற்றிய மரத்தை உளுவண்டு தின்னாது என்றால் இது எப்படி உளுத்தது? இதைக் கண்டுபிடிக்க நம் அஞ்சறைப்பெட்டியிலேயே ஒரு சாட்சி உண்டு. மஞ்சள். மஞ்சளிலுள்ள குர்குமின், அமிலச் சூழலில் போரானோடு சேர்ந்தால் செந்நிறச் சேர்மம் ஒன்றை உண்டாக்கும். மரத்தொழில் ஆய்வகங்களில் இன்றும் இந்தச் சோதனை உண்டு. மஞ்சளைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்த நீரை மரத்தில் தடவி, உலர்ந்தபின் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவ வேண்டும். அமிலம் எதற்கு? சுண்ணாம்பு பட்டாலும் மஞ்சள் சிவக்கும் என்பது ஆரத்தித் தட்டு கரைத்த எல்லாருக்கும் தெரியும். காரத்தால் வந்த சிவப்பை அமிலம் அழித்துவிடும். போரானால் வந்த சிவப்பு மட்டும் நிற்கும். வீட்டில் இதைச் செய்யாதீர்கள். அடர் அமிலம் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் மேற்பார்வையில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து கையாள வேண்டியது. வீட்டில் செய்ய வேறொன்று உண்டு. பூச்சில்லாத ரப்பர் மரத்துண்டில் மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால், வண்டு தேடி வரும் மாவுச்சத்தை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

மாணவியின் அப்பா மறுநாள் முக்காலியைப் பள்ளிக்கே தூக்கிவந்தார். கால்களின் அடிமுனையில் பூச்சைச் சுரண்டிவிட்டு ஒவ்வொன்றிலும் தடவினோம். இரண்டு கால்கள் சில நிமிடங்களில் சிவந்தன. மூன்றாவது கால் மஞ்சளாகவே இருந்தது, துளைகளும் அதில்தான். போரான் ஏறாத ஒரு துண்டு எங்கோ கலந்துவிட்டிருக்கிறது. பலகையும் மற்றக் கால்களும் நலம். அவர் அந்தக் காலை மட்டும் திருகிக் கழற்றி எடுத்துக்கொண்டு, தச்சரிடம் அதே அளவில் வேறு கால் செய்யக் கொடுப்பதாகச் சொல்லிப் போனார். இரண்டு காலோடு முக்காலி இப்போது எங்கள் ஆய்வகத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.