கணக்கு முடியுமுன் கலங்காதிருங்கள்



2025 பிப்ரவரியில் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒரு தாயார் என்னிடம் வந்தார்கள். மகள் செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாள். "பாஸ்டர், 2032-ல வானத்துலேர்ந்து கல்லு விழும்னு சொன்னீங்களே. அப்ப அடுத்த தவணைப் பணம் எதுக்குக் கட்டணும்?" என்றார்கள். என் உள்ளம் உடைந்தது. செல்போனில் வந்த செய்தியை வெளிப்படுத்தின விசேஷம் 8-ம் அதிகாரத்து நட்சத்திரத்தோடு சேர்த்து முந்தின ஞாயிறு பிரசங்கித்தவன் நான்தான்.

அதன் பிறகே உட்கார்ந்து படித்தேன். அந்தச் சிறுகோளின் பெயர் 2024 ஒய்.ஆர்.4. 2024 டிசம்பர் 27-ல் சிலி தேசத்துத் தொலைநோக்கியில் தென்பட்டது. அகலம் சுமார் 60 மீட்டர். விழுந்தால் ஒரு நகரத்துக்கு ஆபத்து, உலகம் அழியாது. 2032 டிசம்பர் 22-ல் அது பூமியில் மோத 3.1 சதவீத வாய்ப்பு என்று 2025 பிப்ரவரி 18-ல் கணித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அது ஏறக்குறைய பூஜ்யமாயிற்று.

ஏன் ஏறி, ஏன் இறங்கியது? கடலுக்குப் போகிற சகோதரருக்கு இது சுலபமாய்ப் புரியும். இருட்டில் தூரத்தில் ஒரு படகின் வெளிச்சம். ஒருதரம் பார்த்தால் கோவளத்தில் கரையேறுமா, சதுரங்கப்பட்டினத்திலா என்று சொல்ல முடியாது. பார்க்கப் பார்க்க அந்த எல்லை குறுகும். குறுகின எல்லைக்குள் நம் குப்பம் இருக்கும்வரை "இங்கேதான் வருமோ" என்கிற வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். நம் குப்பம் எல்லைக்கு வெளியே போனதும் சட்டென்று ஒன்றுமில்லாமற்போகும். சிறுகோள் கணக்கும் இப்படியே. கல் நம் பக்கம் திரும்பவில்லை, கணக்குதான் துல்லியமாயிற்று.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி நம் கரையை அடித்தது நினைவிருக்கும். மறுநாளே, அப்போபிஸ் என்ற சிறுகோள் 2029-ல் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று கணக்கு வந்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அது பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்ததும் அந்தப் பயம் நீங்கிற்று. 2029 ஏப்ரல் 13-ல் சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும், மோதாது. சுனாமிக்கோ அன்று நமக்கு எச்சரிப்பே இல்லை. ஆகையால் எச்சரிப்பைப் பரியாசம்பண்ணாதிருங்கள். பாதிக் கணக்கைத் தீர்ப்பாகவும் எடுத்துக்கொள்ளாதிருங்கள்.

இப்படிப்பட்ட செய்தி வந்தால் கேளுங்கள்: கணித்தது யார்? எத்தனை நாள் பார்த்த கணக்கு? கடைசியாய்த் திருத்தினது எப்போது?

நீதிமொழிகள் 18:13-ஐ வாசியுங்கள். கேட்டு முடிக்குமுன் பேசினவன் நான். அடுத்த ஞாயிறு சபைக்கு முன்பாக அதை அறிக்கையிட்டேன். அந்தத் தாயார் தவணையைக் கட்டிவிட்டார்கள்.