தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீரா?

திருகோணமலைத் துறைமுகம் ஆழமானது, கழிவு எது விழுந்தாலும் கடல் கொண்டுபோய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆழம் உண்மைதான். ஆனால் இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. உள்துறைமுகத்தை நிலம் சூழ்ந்திருக்கிறது. அதற்கும் உள்ளே ஒதுங்கிய தம்பலகாமக் குடா ஆழமற்றது. எண்ணெயும் கன உலோகங்களும் இத்தகைய இடங்களில் சேற்றோடு ஒட்டித் தங்கிவிடக்கூடியவை. நண்டும் மட்டியும் அந்தச் சேற்றில்தான் வாழ்கின்றன.

சட்டம் இல்லாததால்தான் நீர் கெடுகிறது என்பதும் சரியல்ல. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடை செய்கிறது. கழிவு வெளியேற்றும் தொழில்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதியை 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. கடலுக்கு 2008ஆம் ஆண்டின் மாசுத் தடுப்புச் சட்டம் தனியே உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் தொழிற்சாலைக் குழாயின் வாயைப் பார்க்கிறது. கந்தளாய், அல்லை வயல்களின் பசளையும் களைநாசினியும் எந்தக் குழாய் வழியாகவும் வருவதில்லை. எண்ணற்ற வரம்புகளைக் கடந்து வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் போகின்றன. தடை இருந்தும், எந்த வயலிலிருந்து எவ்வளவு வந்தது என்று நிறுவ வழியில்லை. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் வலயமோ பொதுவாக நிலப்பக்கம் 300 மீற்றர், கடல்பக்கம் 2 கிலோமீற்றர். ஆறுகளில் முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர். மகாவலி கொட்டியாரக் குடாவுக்குச் சுமந்து வருவது அந்த எல்லைக்கு மிக மேலே சேர்ந்தது. நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காக்கும் சட்டங்களின் மிகப் பெரிய ஓட்டை இதுவே.

அனுமதிப்பத்திரம் பெற்ற ஆலையின் கழிவுநீர் தீங்கற்றது என்ற எண்ணமும் உண்டு. உள்நாட்டு நீருக்கான வெளியேற்ற நியமங்கள், கழிவைப் போல் 8 மடங்கு சுத்தமான நீர் கலக்கும் என்ற கணிப்பில் அமைந்தவை. கலப்பு குறைந்தால் அனுமதிக்கப்பட்ட அளவும் குறைய வேண்டும். மாரி மழை ஓய்ந்து ஓடைகள் மெலியும் மாதங்களில் மறுபடி அளந்தால்தான் அந்த விதிக்குப் பொருள் உண்டு.

தெளிந்த கிணற்று நீர் நல்லது என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இலங்கையின் குடிநீர் நியமம் (எஸ்.எல்.எஸ். 614) அதற்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை விதிக்கிறது. கடலோர மணல் நிலத்தில், கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள் இருந்தால், குழியிலிருந்து நைத்திரேற்று எளிதில் கிணற்றை எட்டும். கைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் இது உயிர்ப் பிரச்சினை. வீட்டுக் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பும் பொறுப்போ பெரும்பாலும் வீட்டாரிடமே விடப்பட்டிருக்கிறது.