லோயர்காம்ப் மின்நிலையப் புதுப்பிப்பு: உழவர் கவனிக்க வேண்டியவை

முல்லைப் பெரியாற்று நீர், மலைச்சரிவில் இராட்சதக் குழாய்கள் வழியே இறங்கி, லோயர்காம்ப்பில் மின்சக்தி அளித்துவிட்டே காமயகவுண்டன்பட்டி வயல்களை வந்தடைகிறது. 1958-இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் யந்திரங்கள், ஒவ்வொன்றும் 35 மெகாவாட் திறனுடையனவாக அமைக்கப்பட்டவை. புதுப்பித்த யந்திரங்களில் அத்திறன் 42 ஆயிற்று.

இத்தகைய வேலையின் முன்னேற்றத்தைச் செலவான தொகையைக் கொண்டு மட்டும் அளத்தல் தகாது. பணம் தீர்ந்தும் யந்திரம் சுழலாதிருக்கக்கூடும். அதே அளவு நீருக்கு முன்னைவிட எவ்வளவு மின்சக்தி கூடுதலாகக் கிடைக்கிறது என்பதே உரைகல்.

யந்திரத்தைக் கழற்றும் காலம் எது என்பது நமக்கு அதனினும் முக்கியம். ஒரு யந்திரம் நின்றால் அதன் வழியே வரும் நீரும் நிற்கும். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதற்போகத்துக்கோ ஜூன் தொடக்கத்தில் நீர் வேண்டும். ஆகவே, வேலை கோடைக்குள் முடியுமா, தாமதமானால் இரைச்சல் பாலம் வழியாக எத்தனை கன அடி திறக்கப்படும் என்ற விவரங்களைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நாற்றுப் பாவுமுன்னரே எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டும்.