வலையடித்த வராந்தாவுக்கு ஜன்னல் தேர்ந்தெடுக்கும் முறை

தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் முன்வராந்தாவைச் சுற்றிக் கிரில்லும் கொசுவலையும் அடித்திருக்கும். கொசு நிற்கும்; ஆனால் தெருத் தூசியும் ஐப்பசிச் சாரலும் தடையின்றி உள்ளே வரும். அதைத் தடுக்கவே ஜன்னல் வைக்கப்படுகிறது. கண்ணாடி வழியே புகும் வெயிலின் சூடு எளிதில் வெளியேறாது என்பதால், எவ்வளவு பரப்பைத் திறக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

1. இடத்தைச் சோதித்தல்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்தின் ஒப்புதல் தேவை. திறந்த பகுதியை அடைத்தால் கட்டடப் பரப்பு கூடியதாகக் கருதப்படலாம். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஜன்னல் சட்டம் கூரையின் பாரத்தைத் தாங்கக் கூடாது. அதற்குத் தூணோ லிண்டலோ இருக்க வேண்டும். கேஸ் கெய்சரோ ஏசியின் வெளி யூனிட்டோ வராந்தாவில் இருந்தால் முதலில் வெளியே மாற்ற வேண்டும்.

2. காற்றுக்குக் கணக்கு

வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 12 அடிக்கு 8 அடி வராந்தாவின் பரப்பு 96 சதுர அடி. திறப்பு 16 சதுர அடி. உள்ளறைக்கும் இதே வழியாகத்தான் காற்று வருகிறது என்றால் அதன் தேவையையும் சேர்க்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. ஆக மொத்தம் 36.

3. திறக்கும் விதம்

இரண்டு கதவு கொண்ட ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். 12 அடி நீளம், 5 அடி உயரமுள்ள 60 சதுர அடி ஜன்னலில் கிடைப்பது 30. மேற்கண்ட தேவைக்கு அது போதாது. மூன்று டிராக்கில் மூன்று கண்ணாடிக் கதவுகள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40 கிடைக்கும். அதில் ஒரு டிராக்கை வலைக்கதவுக்கு ஒதுக்கினால் பழையபடி பாதிதான்.

கீல் வைத்த கதவு ஏறக்குறைய முழுவதும் திறக்கும். அது வெளியே திறந்தால் கிரில் உட்புறமும், உள்ளே திறந்தால் கிரில் வெளிப்புறமும் அமைய வேண்டும். மேல்கீல் வைத்து வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னலைத் தூறலிலும் திறந்து வைக்கலாம். வலையும் காற்றைக் குறைக்கும் என்பதால் திறப்பைச் சற்று கூடுதலாகவே வைக்க வேண்டும்.

4. சட்டம்

யுபிவிசி துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது. அகலமான ஜன்னலுக்கு உள்ளே இரும்பு வலுவூட்டல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அலுமினியம் மெல்லிய சட்டத்திலேயே உறுதி தரும். பவுடர் கோட்டிங் தரமாக இருக்க வேண்டும். தேக்கு அழகு, ஆனால் சாரல் படும் இடத்தில் தொடர்ந்து பாலிஷ் கேட்கும். கடலோர வீடுகளில் கீலும் திருகாணியும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் உப்புக்காற்றை நன்கு தாங்கும்.

5. கண்ணாடி

தரையை ஒட்டிய இடங்களுக்கு டஃபன்டு கண்ணாடி ஏற்றது. உடைந்தால் சிறு மழுங்கிய துண்டுகளாகும். அதைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டி நிற்கும். மாடிக்கு அது பாதுகாப்பு. மேற்கு வெயிலுக்கு உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே கட்டும் மூங்கில் தட்டியோ சன்ஷேடோ அதிகம் பயன்படும்.

6. அளவும் பொருத்தலும்

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் அளந்து, குறைந்த அளவையே கொள்ள வேண்டும். இரு மூலைவிட்டங்களும் சமமா என்றும் பார்க்க வேண்டும். அடிக்கட்டை வெளிப்புறம் சரிவாகவும், சட்டத்தின் நீர்த்துளைகள் வெளியே பார்த்தபடியும் இருக்க வேண்டும். இடைவெளியைச் சிலிக்கானால் அடைத்தபின், குழாய்த் தண்ணீரை வெளியிலிருந்து பீய்ச்சிக் கசிவைச் சோதித்த பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

செலவைக் குறைக்க வேண்டியிருந்தால் காற்று வரும் பக்கத்தில் முழுதும் திறக்கும் ஜன்னலையும், மற்றப் பக்கங்களில் திறக்காத கண்ணாடியையும் வைக்கலாம். திறப்பளவில் மட்டும் குறைவைக்கக் கூடாது.